உறுமுது, ஆனால் சுத்துதில்லை

தமிழில் 'கடைதல்' ஒரு அலாதியான சொல். தயிரைக் கடைகிறோம், கீரையைக் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். தேவர்களும் அசுரர்களும் வாசுகிப் பாம்பைக் கயிறாக்கி இரண்டு பக்கமும் நின்று இழுத்ததும் கடைதல்தான். கலைப்பீடத்தில் இப்படி ஒரு சொல் கையில் அகப்பட்டால் அதை வைத்து ஒரு ஒப்படையே எழுதி முடித்துவிடலாம். எங்கட வீட்டில் அந்தச் சொல்லில்தான் உலை கொதிக்கிறது. அப்பா மரக் கடைசல் செய்கிறவர்.

வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட ஒரு கொட்டில். அதற்குள் ஒரு கடைசல் மெசின், ஒரு உளிப் பெட்டி, முழங்கால் வரை மரச் சுருள். கட்டில் கால், படிக்கட்டுக் கைபிடித் தூண், தயிர் மத்து, சின்னப் பிள்ளைகளுக்குப் பம்பரம் என்று எல்லாம் அங்கேதான் உருண்டு வரும். நாங்கள் இரண்டு பேர், அக்காவும் தம்பியும். அக்கா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீடம். தம்பி உயர்தரம், அவனும் கலைப்பிரிவு. இதை எழுதுகிற கை அக்காவினுடையது என்றாலும் நடந்த வேலை இரண்டு பேருடையது. ஆகவே இந்தக் கட்டுரை முழுக்க 'நாங்கள்'தான்.

அந்த மெசினுக்கு ஒரு முன்கதை இருக்கிறது. அப்பப்பா கடைந்தது கயிற்றுக் கடைசலில். மரத்தை இரண்டு முனைகளுக்கு நடுவில் பொருத்தி, அதில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு ஆள் மாறி மாறி இழுக்க வேண்டும். மரம் ஒருக்கால் இந்தப் பக்கம் சுற்றும், ஒருக்கால் அந்தப் பக்கம் சுற்றும். தன்னை நோக்கிச் சுற்றும்போது மட்டும் உளி வைக்கலாம். மற்றச் சுற்றில் உளியைப் பின்னுக்கு எடுக்க வேண்டும். பிறகு மோட்டர் வந்தது. 1990 இல் யுத்தம் திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது, ஊரெல்லாம் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட அந்தக் காலத்தில், அப்பப்பா பழைய கயிற்றை மறுபடி எடுத்தார். இழுத்த ஆள் அப்பா. அப்போது அவர் பள்ளிக்கூடப் பெடியன். "என்ர வலது தோள் அப்பவே பழுதாப் போச்சு" என்று இப்பவும் சொல்வார்.

மின்சாரம் திரும்பி வந்தபிறகு பூட்டிய மோட்டர்தான் போன வருடம் வரைக்கும் ஓடியது. முக்கால் குதிரை வலு, நிமிடத்துக்கு 1425 சுற்று. ஒரு நாள் பின்னேரம் கொட்டிலில் இருந்து எரிந்த வார்னிஷ் மணம் வந்தது. சுருளின் செம்புக் கம்பிக்குப் பூசியிருக்கிற மெல்லிய காவலிதான் அப்படி மணக்கும். அது எரிந்தால் கம்பியும் கம்பியும் முட்டிக்கொள்ளும். அதோடு கதை முடிந்தது.

அது சும்மா ஒரு நாளாக இருந்தால் பரவாயில்லை. ஒரு புது வீட்டுப் படிக்கட்டுக்கு 42 கைபிடித் தூண் ஓடர் எடுத்து, 17 முடிந்திருந்தது. முற்பணம் வந்த கையோடேயே அக்காவின் போர்டிங் காசுக்கும் தம்பியின் ரியூசனுக்கும் போய்விட்டது. மிச்சம் 25 ஐயும் வேறு பட்டறையில் கொடுத்துச் செய்விக்கவும் ஏலாது. ஒவ்வொரு கையும் ஒவ்வொரு மாதிரி வளைக்கும், பக்கத்தில் பக்கமாக வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குள்ளே மாமா ஒரு பக்கம். "அத்தான், உதை இரும்புக்குக் குடுத்திட்டு வாங்கோ. கடை ஒண்டில வோச்சர் வேலை இருக்கு. மாசம் முடியச் சம்பளம் கையில." அப்பா மறுத்துப் பேசவில்லை. அதுதான் எங்களுக்குப் பயத்தைத் தந்தது.

பெயர்த்தகடு வாசித்தல்

எரிந்த மோட்டரைத் திரும்பச் சுற்றுவிக்கலாம். ஆனால் செம்புக் கம்பியின் விலையும் கூலியும் சேர்ந்தால், பழைய மோட்டர் ஒன்று வாங்குவதைவிடக் கூட. ஆகவே பழைய மெசின் சாமான் விற்கிற கடையொன்றுக்கு மூன்று பேரும் போனோம். அங்கே மோட்டர்கள் குவியலாகக் கிடந்தன. அப்பா கையால் சுழற்றிப் பார்த்தார், நாங்கள் தகட்டைத் துடைத்து வாசித்தோம்.

தகட்டை வாசிப்பது பாட்டு வாசிப்பது போல ஒரு பழக்கம்தான். எங்கட நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ், சிங்கிள் பேஸ். இந்த மூன்றும் பொருந்தாத மோட்டர் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ஜப்பானில் இருந்து வருகிற பழைய சாமான் பல 100 வோல்ற்றுக்குச் செய்தவை. அதை நேரே 230 இல் போட்டால் புகைதான். அடுத்தது வலு. ஒரு குதிரை வலு என்றால் 746 வாற். முக்கால் என்றால் ஏறத்தாழ 560. தகட்டில் 0.55 கிலோவாற் என்று இருந்தால் எங்கட பழையதுக்குச் சமம்.

வேகத்தில்தான் கவனம் கூட வேண்டும். மோட்டருக்குள் எத்தனை காந்த முனை என்பதைப் பொறுத்து வேகம் மாறும். 120 ஐ 50 ஆல் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் பிரித்தால், நான்கு முனைக்கு 1500, இரண்டு முனைக்கு 3000. உண்மையில் ஓடும்போது அதைவிடக் கொஞ்சம் குறையும். கடையில் இரண்டு வகையும் இருந்தது. 2800 சுற்று மோட்டர் இன்னும் மலிவு. கடைக்கார அண்ணை அதைத்தான் எங்கட தலையில் கட்டப் பார்த்தார். அதே கப்பியோடு அதைப் பூட்டினால் மரம் இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். "அந்த வேகத்தில கட்டை வெடிச்சால் முகத்துக்குத்தான் வரும்" என்று அப்பா சொல்லிவிட்டார். 1420 என்று எழுதியிருந்த மற்றதை எடுத்தோம்.

"ஓடும் தம்பி, பாத்துத்தான் தாறன்" என்றார் கடைக்கார அண்ணை. அங்கே அன்றைக்குக் கரண்ட் இல்லை.

உறுமல்

வீட்டுக்குக் கொண்டுவந்து நிலத்தில் வைத்து, வயர் கொடுத்து, சுவிச்சைப் போட்டோம். "ம்ம்ம்ம்" என்று ஒரு உறுமல். தண்டு நடுங்கியது, சுற்றவில்லை. அப்பா பாய்ந்து சுவிச்சை நிறுத்தினார். அது சரியான வேலை. சுற்றாமல் நிற்கிற மோட்டர், ஓடும்போது எடுக்கிறதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். ஒரு நிமிடம் விட்டால் இந்தச் சுருளும் எரியும்.

"ஏமாத்திப்போட்டான்" என்றார் அப்பா. கொட்டிலுக்கு வெளியே போய் இருந்துகொண்டார். முந்தியெல்லாம் மோட்டருக்கு ஏதும் என்றால் சுருள் சுற்றுகிற ஒரு அண்ணை வருவார். காதை வைத்துக் கேட்டே சொல்லிவிடுவார். அவர் வெளிநாடு போய் வருடங்கள் ஆகிவிட்டன. அவர் என்ன கேட்டார், எப்படிக் கண்டுபிடித்தார் என்று ஒரு துண்டில்கூட எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாங்கள் போனைத் திறந்து வாசிக்கத் தொடங்கினோம். எல்லாம் ஆங்கிலம். வாசிக்க வாசிக்க, தம்பி விஞ்ஞானப் புத்தகத்தில் படித்த சொற்கள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. சுருள், தூண்டல், கொள்ளளவி. கொட்டிலில் அதே சாமானுக்கு வேறு பெயர். கொள்ளளவிக்கு அங்கே கண்டென்சர், சுருளுக்கு வைன்டிங். ஒரே பொருளுக்கு இரண்டு தமிழ். பரீட்சை எழுதுகிற தமிழுக்கு மோட்டரைத் தெரியாது, மோட்டர் திருத்துகிற தமிழுக்குப் பரீட்சை தெரியாது. நாங்கள் இரண்டுக்கும் நடுவில் நிலத்தில் குந்தியிருந்தோம்.

உறுமலுக்கான காரணம் ஒருவாறு விளங்கியது. அதை அப்பாவுக்குச் சொல்ல எங்களுக்குக் கிடைத்தது மத்துத்தான். மத்தில் சுற்றிய கயிற்றின் இரண்டு முனையையும் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஒரே பலத்தோடு இழுத்தால் என்ன நடக்கும்? மத்து நடுங்கும், சுற்றாது. சிங்கிள் பேஸ் மோட்டரின் முதன்மைச் சுருளும் அப்படித்தான். அதிலிருந்து வருகிற காந்தப் புலம், எதிரெதிர்த் திசையில் சுற்றுகிற இரண்டு சமமான புலங்களுக்கு ஒப்பானது. தேவரும் அசுரரும் சமமாக இழுக்கிறார்கள். மோட்டர் நின்ற இடத்தில் நின்று உறுமுகிறது. ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் அசைந்துவிட்டால் போதும், அந்தப் பக்கத்தின் கை ஓங்கி, பிறகு தானாகவே ஓடும்.

அந்த முதல் அசைவைக் கொடுக்கத்தான் உள்ளே இன்னொரு சுருள் இருக்கிறது, தொடக்கச் சுருள். அதோடு தொடராகக் கண்டென்சர். கண்டென்சர் என்ன செய்கிறது என்றால், தொடக்கச் சுருளின் மின்னோட்டத்தை முதன்மைச் சுருளைவிடக் கொஞ்சம் முந்த வைக்கிறது. தாளம் முந்தி இழுக்கிற ஒரு ஆள் கூட்டத்தில் சேர்ந்த மாதிரி. மோட்டர் முக்கால்வாசி வேகம் பிடித்ததும் இந்த ஆள் தேவையில்லை. தண்டின் சுழற்சியில் விரிகிற ஒரு சின்ன சுவிச் அவரைக் கழற்றிவிடும். மையநீக்க சுவிச் என்று அதைச் சொல்லலாம்.

அப்பா திரும்பி உள்ளே வந்து கேட்டார். "அப்ப ஆரோ ஒருத்தன் வேலைக்கு வரேல்லை எண்டுறியள்?"

அதுவேதான்.

ஆம், இல்லை

பிழை தேடுவதில் நாங்கள் பிடித்துக்கொண்ட ஒழுங்கு ஒன்றுதான். மோட்டரிடம் ஆம் அல்லது இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்வியைக் கேட்பது. ஒரு நேரத்தில் ஒரு கேள்வி.

சுமை கூடவா? இல்லை, பெல்ற்றே பூட்டவில்லை. பெயாரிங் இறுகிப்போய்விட்டதா? பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினோம். பூப்போலச் சுற்றியது. முதன்மைச் சுருள் நல்லதா? பிளக் கழற்றியபடி தண்டைக் கையால் வேகமாகச் சுழற்றிவிட்டு, கையை எடுத்து, அது சுழன்றுகொண்டிருக்கும்போதே அப்பா கரண்டைப் போட்டார். மோட்டர் பிடித்துக்கொண்டு ஓடியது! நிறுத்தி, மற்றப் பக்கமாகச் சுழற்றிப் போட்டோம். மற்றப் பக்கமும் ஓடியது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்தப் பக்கம் ஓடுகிறது என்றால் முதன்மைச் சுருள் வேலை செய்கிறது. பிழை தொடக்கப் பக்கத்தில். அரை மணித்தியாலத்தில் மோட்டரின் பாதியைச் சந்தேகத்தில் இருந்து விலக்கிவிட்டோம்.

அடுத்தது கண்டென்சர். அதைத் தொடமுதல் ஒரு விசயம். பிளக்கைக் கழற்றினாலும் கண்டென்சருக்குள் மின்னேற்றம் இருக்கலாம், அடிக்கும். இரண்டு வயர் பூட்டிய குண்டு பல்ப் ஒன்றை அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே பிடித்து வெறுமையாக்கிவிட்டுத்தான் கழற்றினோம். பக்கத்து வீட்டு அண்ணாவின் மல்ரிமீற்றரில் கொள்ளளவம் அளக்கலாம். உடம்பில் எழுதியிருந்தது 150 மைக்ரோஃபரட். மீற்றர் காட்டியது 38.

கள்ளன் பிடிபட்டான் என்று நினைத்தோம். சந்திக் கடையில் புதுக் கண்டென்சர் வாங்கிப் பூட்டி, சுவிச்சைப் போட்டோம்.

"ம்ம்ம்ம்."

அன்றிரவு வீட்டில் யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. அம்மா மட்டும் மாமாவுக்கு என்ன பதில் சொல்லுறது என்று கேட்டார். அப்பா சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக்கொண்டே, "பிள்ளையள் நாளைக்கும் ஒருக்காப் பாக்கட்டும்" என்றார். எங்களுக்கு அது பெரிய வசனம். கொட்டிலுக்குள் நாங்கள் அதுவரைக்கும் தேத்தண்ணி கொண்டுபோகிற ஆட்கள்தான்.

இரவு யோசித்ததில் ஒன்று தெளிந்தது. புதுக் கண்டென்சர் போட்டும் ஓடாததால், பழைய கண்டென்சர் நல்லதாக இருந்தது என்று ஆகாது. 38 என்பது 38தான். ஒன்றைத் திருத்தியும் நோய் போகவில்லை என்றால், இரண்டாவதும் ஒன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். பழைய சாமானில் ஒரு பிழை தனியாக இருக்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

காலையில் கண்டென்சரைக் கழற்றி வைத்துவிட்டு மீற்றரை ஓமுக்கு மாற்றினோம். முதன்மைச் சுருளின் இரண்டு வயருக்கும் நடுவில் 5 ஓம். தொடக்கப் பக்கத்து இரண்டு வயருக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. பாதை அறுந்திருக்கிறது. அறுந்தது சுருளா, சுவிச்சா? சுருள் என்றால் மோட்டர் இரும்பு விலைக்குத்தான். சுவிச் என்றால் ஒருவேளை தப்பலாம்.

திறக்க முதல் மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே ஒரு கோடு கீறினோம், திரும்பப் பூட்டும்போது அதே இடத்தில் பொருந்துவதற்காக. போனில் படமும் எடுத்தோம். அப்பா நான்கு நீளப் போல்ற்றையும் கழற்றி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டித் தட்டி மூடியை எடுத்தார். உள்ளே தண்டில் ஒரு வளையம், இரண்டு சின்ன விற்சுருள், இரண்டு சிறு எடை. மூடிப் பக்கத்தில் சுவிச்சின் தொடுமுனைகள். மோட்டர் நிற்கும்போது அவை முட்டிக்கொண்டிருக்க வேண்டும். முட்டவில்லை. பழைய கிறீஸ் காய்ந்து பிசினாகி, வளையம் பின்னுக்கு வராமல் இடையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதோ கடைசியாக ஓடி நின்றபோது அந்த ஆள் திரும்பி வரவேயில்லை.

சுவிச்சைத் தாண்டி நேரே சுருளில் மீற்றரை வைத்தோம். 11 ஓம். சுருள் உயிரோடு இருக்கிறது.

மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் வளையத்தைத் துடைத்து, தொடுமுனையில் இருந்த கரியை எமறிப் பேப்பரால் உரசி, காயவைத்துப் பூட்டினோம். கரண்ட் கொடுக்க முதல், சுருள்களுக்கும் மோட்டரின் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மீற்றரில் பார்த்தோம். இல்லை. பழைய மோட்டருக்கு எர்த் வயரே இருக்கவில்லை. இதற்கு மூன்று முள்ளுப் பிளக்கும் எர்த்தும் கொடுத்தோம்.

சுவிச். உறுமல் இல்லை. சடாரென்று எழும்பி ஓடியது, ஒரு விநாடிக்குள் "டிக்" என்று ஒரு சத்தம். நிறுத்தினால், வேகம் குறைந்து வரும்போது திரும்பவும் "டிக்".

அப்பா அசையாமல் நின்றார். "இந்தச் சத்தம் பழையதிலும் கேக்கும். இத்தனை வருசமாக் கேட்டனான். என்னெண்டு தெரியாது." அதுதான் அந்த ஆள் கயிற்றை விடுகிற சத்தமும், திரும்பி வந்து பிடிக்கிற சத்தமும் என்று சொன்னோம். அவருக்குச் சத்தம் தெரியும், பெயர் தெரியாது. எங்களுக்குப் பெயர் தெரியும், அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கவனித்துக் கேட்டோம்.

திசை

பிறகும் வேலை முடியவில்லை. நிலத்தில் ஓடுகிற மோட்டரைப் பார்த்துக்கொண்டே அப்பா கையைக் காற்றில் சுழற்றினார். "இது மற்றப் பக்கம் சுத்துது."

கடைசலில் மரத்தின் மேற்பக்கம் கடைபவரை நோக்கிக் கீழே இறங்க வேண்டும். அப்போதுதான் மரம் உளியைத் தாங்கியின் மேல் அமத்தும். எதிர்ப்பக்கம் சுற்றினால் உளியைத் தூக்கி எறியும். அதைவிட ஆபத்து, மரம் பிடிக்கிற தட்டு தண்டில் மரைபோட்டுப் பூட்டியிருக்கிறது. எதிர்ச் சுழற்சியில் அந்த மரை தானாகக் கழன்று, மரமும் தட்டும் சேர்ந்து பறக்கலாம்.

திருத்துவது லேசு. தொடக்கப் பக்கத்து இரண்டு வயர்களை மட்டும் ஒன்றுக்கொன்று மாற்ற வேண்டும். இரண்டு சுருளையும் சேர்த்து மாற்றினால் பழைய திசையே வரும். கயிற்றில் முந்தி இழுக்கிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதுதான் விசயம். மாற்றினோம், திரும்பியது.

கடைசியாகக் கப்பி. பழைய மோட்டர் அங்குலக் கணக்கு, புதியது மில்லிமீற்றர். தண்டு தடை சொல்லவில்லை. முக்கால் அங்குலம் என்றால் 19.05 மில்லிமீற்றர், புதுத் தண்டு 19. ஆனால் கப்பி வழுக்காமல் இருக்கச் செருகுகிற கீ, பழையதில் 3/16 அங்குலம், அதாவது 4.76 மில்லிமீற்றர். புதியதில் 6. அப்பா கப்பியைக் குறட்டில் இறுக்கி, அரத்தால் அந்தப் பள்ளத்தை ஒரு பின்னேரம் முழுக்க அகட்டினார். அந்த ஒன்றேகால் மில்லிமீற்றரை எந்த மீற்றரும் இல்லாமல் விரல் நுனியால் அளந்தார். அங்கே எங்களால் ஒரு உதவியும் செய்ய ஏலவில்லை, விளக்குப் பிடித்ததைத் தவிர.

25 தூணும் முடிந்து போய்விட்டன. மாமாவுக்கு அப்பா இன்னும் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. மோட்டர் ஓடுவதால் எல்லாம் சரியாகிவிடாது. அப்பாவின் தோள் அப்படியேதான் இருக்கிறது. கொட்டிலை எங்களில் ஒருவர் எடுத்து நடத்துவோமா என்று கேட்டால், இப்போதைக்கு எங்களிடமும் பதில் இல்லை. ஆனால் மெசினை விற்பதா வைப்பதா என்பது இப்போது அவர் யோசித்து எடுக்கக்கூடிய முடிவு. எரிந்த மோட்டர் ஒன்று அவருக்காக எடுத்துவிட்ட முடிவாக அது இருக்கவில்லை.

சுவிச் பெட்டியின் மூடிக்கு உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம். எந்த வயர் எங்கே, எத்தனை ஓம், எத்தனை மைக்ரோஃபரட், உறுமினால் முதலில் எதைப் பார்ப்பது, திசை மாறினால் எந்த இரண்டை மாற்றுவது. முழுக்கத் தமிழில். கொள்ளளவி என்று நாங்கள் எழுதியதை அப்பா வெட்டி, பென்சிலால் 'கண்டென்சர்' என்று எழுதினார். பிறகு என்ன நினைத்தாரோ, வெட்டியதற்குக் கீழே எங்கட சொல்லையும் திரும்ப எழுதிவிட்டார். இரண்டும் இருக்கட்டுமாம். அடுத்தமுறை திறக்கிற ஆளுக்கு எந்தத் தமிழ் தெரியும் என்று இப்போது யாருக்குத் தெரியும்.